சுவருக்குள்ள வந்த பழைய பைப்பு: வெட்ட முதல் ஒருக்கா பாருங்கோ

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கட வீடு வெள்ளவத்தையில, அப்பப்பா காலத்து வீடு, 1930கள்ல கட்டினது எண்டு அப்பா சொல்லுவார். குசினிய கொஞ்சம் பெருசாக்குவம் எண்டு போன மாசம் சுவர்ப் பூச்சைக் கொத்தத் தொடங்கினம், உள்ளுக்குள்ள மூண்டு பைப்பு இருக்கு. ஒண்டு கறள் பிடிச்ச இரும்பு. மற்றது சாம்பல் நிறம், நேரா இல்லாம பாம்பு மாதிரி வளைஞ்சு போகுது. மூண்டாவது மெல்லிசு, மேல சீலிங் பக்கம் ஏறுது. மேசன் பாஸ் சொல்றார் எல்லாம் செத்த பைப்பு மிஸ், கிறைண்டரப் போட்டு வெட்டி எடுத்துட்டுப் பூசுவம், ரெண்டு நாள் வேலைதான் எண்டு. அம்மா வேண்டாம் எண்டு நிக்கிறா. வீட்டில நாலு வயசுப் பிள்ளையும் இருக்கு. என்ன செய்யிறது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தங்கச்சி, அம்மா சொல்றதக் கேளுங்கோ. கிறைண்டரக் கொண்டுபோய் வெளியில வைக்கச் சொல்லுங்கோ முதல். பாஸ் கெட்ட மனுசன் இல்ல, அவருக்கு வேலை முடியணும், ஆனா ஒரு பைப்பு செத்ததா உயிரோட இருக்கா எண்டு கண்ணால பாத்து ஒருத்தராலயும் சொல்லேலாது, நான் இவ்வளவு வருசம் பழைய வீடுகளோட மல்லுக்கட்டியும் எனக்கும் ஏலாது. சோதிச்சுத்தான் சொல்லலாம்.

கொழும்பில பழைய வீடு எண்டா ஒரே தரம் போட்ட பைப்பு இருக்காது, தலைமுறை தலைமுறையா ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டிருப்பாங்கள். லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணி 1886ல கொழும்புக்கு வந்தது, அதுக்கு முதல் எல்லாம் கிணறுதான். பிறகு ரோட்டு மெயினில இருந்து நேரா ஒரு லைன், அதுக்குப் பிறகு பிரெஷர் காணாம மேல டாங்கி வச்சு அதில இருந்து இன்னொரு லைன், இடையில கிணத்து மோட்டருக்கு ஒண்டு, சுடுதண்ணி ஹீட்டர் வாங்கினவுடன அதுக்கு ஒண்டு. புது லைன் போடுறவர் பழசக் கழட்டிறதில்ல, அப்பிடியே விட்டிட்டு மேல பூசிட்டுப் போயிடுவார். அதாலதான் உங்களுக்கு ஒரே சுவரில மூண்டு வந்திருக்கு.

முதல் அந்த மெல்லிசு பைப்பப் பாப்பம், ஏனெண்டா ஆளக் கொல்லக்கூடியது அதுதான். கொழும்புக்குக் கரண்ட் 1895லயே வந்திட்டுது, ஆகவே 1930கள்ல கட்டின வீட்டில பெரும்பாலும் வயரிங் இருந்திருக்கும், அந்தக் காலத்தில வயர இரும்புக் குழாய்க்குள்ளால இழுக்கிறது உண்டு. சீலிங் பக்கம் ஏறுற மெல்லிசு குழாய் எண்டா அது தண்ணிப் பைப்பா இருக்கிறதவிட வயர்க் குழாயா இருக்கத்தான் கூடச் சான்ஸ். அது எங்க போய் முடியுது எண்டு பாருங்கோ, வட்டமா மூடி போட்ட சின்ன இரும்புப் பெட்டியிலயோ பழைய சுவிட்ச் பெட்டியிலயோ முடிஞ்சா சந்தேகமே இல்ல. ஒரு விசயம் வடிவா விளங்கிக் கொள்ளுங்கோ, டெஸ்டர் பேனையக் குழாயில வச்சுப் பாத்து லைட் எரியேல்ல, கரண்ட் இல்ல எண்டு முடிவெடுக்க வேண்டாம். குழாய் இரும்பு, அது ஏர்த்தோட தொடுத்திருந்தா உள்ள வயரில கரண்ட் ஓடினாலும் வெளியில டெஸ்டர் எரியாது. மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீசியன வச்சு அந்தப் பெட்டி மூடியத் திறந்து பாக்கோணும். உள்ள கறுப்பு றப்பர் வயர் இருந்தா, தொட்டவுடன றப்பர் பிஸ்கட் மாதிரி உதிரும், அதைத் திரும்பப் பாவிக்கிற கதையே வேண்டாம், புதுசா வயர் இழுங்கோ.

அடுத்தது அந்த வளைஞ்சு போற சாம்பல் பைப்பு. நீங்கள் எழுதின விதத்தில எனக்கு அது ஈயமா இருக்குமோ எண்டு பயம். கண்டுபிடிக்கிறது லேசு. ஃபிரிஜ்ஜில ஒட்டுற காந்தத்தக் கொண்டுபோய் வையுங்கோ, இரும்பெண்டா ஒட்டும், ஈயத்தில ஒட்டாது. பிறகு ஒரு சில்லறைக் காசால மெதுவா ஒரு கீறு போட்டுப் பாருங்கோ, ஈயமெண்டா சோப்பச் சுரண்டின மாதிரி லேசாக் கீறுப்பட்டு உள்ள வெள்ளி மாதிரி மினுங்கும். தட்டினா கிணுங் எண்டு கேக்காது, மண்ணில தட்டின மாதிரி மொத்தச் சத்தம்தான் வரும். ஈயக் குழாய வளைச்சு வளைச்சே போடலாம், எல்போ எண்ட வளைவு மூட்டுத் தேவையில்ல, அதாலதான் அது பாம்பு மாதிரிப் போகும்.

ஈயமெண்டா, அந்தக் குழாயால வாற தண்ணிய பிள்ளைக்குக் குடுக்கிறத இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. பிள்ளையிட மூளை வளருற வயசு இது, சின்ன அளவு ஈயமே அதப் பாதிக்கும், இவ்வளவு வரைக்கும் பறவாயில்ல எண்டு ஒரு அளவு கிடையாது. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், அதுகூட இதுக்குக் கீழ கொண்டுவாறது கஷ்டம் எண்டதால வச்சிருக்கிற எல்லைதான். எங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் கொதிக்க வச்சுக் குடிக்கிறம் தானே எண்டு சொல்லுவினம், அது கிருமிக்கு நல்லம், ஈயத்துக்குச் சரிவராது, தண்ணி ஆவியாப் போகப் போக மிச்சத் தண்ணியில ஈயம் கூடத்தான் செய்யும். சுடுதண்ணி டெப்பில பிடிச்சுச் சமைக்கவும் வேண்டாம், சூட்டுக்கு ஈயம் கூடக் கரையும். பைப்பு மாத்திற வரைக்கும் குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் போத்தல் தண்ணியோ ஈயம் இல்லாத வேற லைன் தண்ணியோ எடுங்கோ. அதுக்கு வழியே இல்லையெண்டா காலமையில டெப்பத் திறந்து தண்ணி குளிராகிற வரைக்கும் நல்லா ஓட விட்டுப் பிறகு பிடியுங்கோ, ஓட விட்ட தண்ணிய வாளியில பிடிச்சுக் கக்கூசுக்கு ஊத்தலாம்.

சந்தேகம் தீரணுமெண்டா தண்ணியச் சோதிக்கலாம், கொழும்பு 7ல பௌத்தாலோக மாவத்தையில இருக்கிற ஐ.டி.ஐ, அதான் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், அங்க விசாரிச்சுப் பாருங்கோ. ஈயத்துக்கெண்டு தனியாச் சொல்லிக் கேக்கோணும். ராத்திரி முழுக்க, ஆறு மணித்தியாலமாவது பைப்புக்குள்ள அசையாம நிண்ட தண்ணிய காலமை முதல் பிடியாப் பிடிச்சுக் குடுங்கோ, ஓட விட்டுட்டுப் பிடிச்சா உண்மை தெரியாது. அந்தப் பைப்பில தண்ணியே வரேல்ல, ரெண்டு பக்கமும் அறுந்துபோய் நிக்குது எண்டா இவ்வளவு கலவரப்படத் தேவையில்ல, ஆனா அதை முதல்ல உறுதிப்படுத்தோணும்.

எப்பிடி உறுதிப்படுத்திறது? மீற்றருக்குப் பக்கத்தில இருக்கிற மெயின் வால்வைப் பூட்டுங்கோ. இங்கதான் கனபேர் பிழை விடுறது, மெயினைப் பூட்டினவுடன எல்லாம் நிண்டிட்டுது எண்டு நினைச்சு வெட்டுவினம், மேல டாங்கியில 500 லீற்றர் தண்ணி நிக்கும், அது வந்து குசினியெல்லாம் குளமாயிடும். டாங்கி வால்வையும் பூட்டோணும், கிணத்து மோட்டர் இருந்தா அதையும் ஓஃப் பண்ணோணும். பிறகு ஒண்டொண்டாத் திறந்து பாருங்கோ. மெயினை மட்டும் திறந்திட்டு ஒரு நீட்டு ஸ்குரூ ட்ரைவரிட நுனியப் பைப்பில வச்சுப் பிடிய காதில வச்சுக் கேளுங்கோ, எங்கயாவது ஒரு டெப் ஓடிக்கொண்டிருந்தா உயிருள்ள பைப்பில சர்ர் எண்டு இரைச்சல் கேக்கும், அதே மாதிரி டாங்கிக்கும். எந்த டெப்பத் திறந்தா எந்தப் பைப்பு இரையுது எண்டு சோக்கால சுவரிலயே எழுதுங்கோ. எல்லா டெப்பும் பூட்டியிருக்கேக்க மீற்றரில சின்னச் சில்லு சுத்துதெண்டா எங்கயோ ஒழுக்கு இருக்கு, சுவர் திறந்திருக்கிற இந்த நேரத்திலயே அதைப் பிடிச்சிடலாம்.

கறள் இரும்பு, அது ஜி.ஐ. பைப்பாத்தான் இருக்கும், அதாவது துத்தநாகம் பூசின இரும்புப் பைப்பு, மூட்டுக்கு மூட்டு மரை வெட்டியிருக்கும், காந்தம் ஒட்டும். மேல பூசின துத்தநாகம் தேஞ்சுபோனா உள்ளுக்குள்ள கறள் கட்டி கட்டியா வளரும், அரை இஞ்சிப் பைப்பு கடைசியில பென்சில் ஓட்டை அளவுக்கு வந்திடும், காலமையில மண்ணிறத் தண்ணி வாறதும் பிரெஷர் இல்லாமப் போறதும் இதாலதான். வெள்ளவத்தையில கடல் காத்து வேற, வெளிப்பக்கமும் தின்னும். சுவர் திறந்திருக்கிற பகுதி முழுக்க மாத்துங்கோ, பாதிய விட்டு பாதி மாத்தினா அடுத்த ஒழுக்கு புதுசும் பழசும் சேருற மூட்டிலதான் வரும், அதுவும் உங்கட புது டைல்ஸுக்குப் பின்னால. கட்டாயம் ஜி.ஐ.யோட சேர்க்க வேண்டி வந்தா செம்பையோ பித்தளையையோ நேரா மாட்ட வேண்டாம், ரெண்டு உலோகம் தண்ணிக்குள்ள சேர்ந்தா இரும்புப் பக்கம் வேகமாக் கரையும், நடுவில பிளாஸ்டிக் மூட்டு ஒண்டு போடச் சொல்லுங்கோ. பாவிக்காத கிளைய நுனியில மூடி போட்டு விடாம அது பிரியிற டீ மூட்டிலயே வெட்டி அடைக்கோணும், இல்லாட்டி அதுக்குள்ள தண்ணி மாசக்கணக்கா நிண்டு பழுதாகி மற்றத் தண்ணியோட கலக்கும்.

இப்ப நான் சொல்லப்போறத தயவு செய்து வாசிச்சிட்டு விட்டிடாதேங்கோ, உங்கட எலெக்ட்ரீசியனுக்கும் காட்டுங்கோ. பழைய வீடுகள் கனக்கவில வீட்டுக்கு ஏர்த் எடுத்தது தண்ணிப் பைப்பில இருந்து. ஜி.ஐ. பைப்பு நிலத்துக்குள்ள போறதால அதில ஒரு செம்புக் கம்பியச் சுத்தி விட்டிடுவாங்கள். நீங்கள் நடுவில ரெண்டு அடி பி.வி.சி. போட்டவுடன அந்த ஏர்த் அறுந்திடும், வீட்டில லைட் எரியும், ஃபேன் சுத்தும், ஒண்டும் வித்தியாசம் தெரியாது, ஒரு நாள் ஹீட்டர் பழுதாகி அதில ஒழுகிற கரண்ட் போறதுக்கு வழியில்லாம ஷவர் பைப்பில வந்து நிக்கும். பம்பலப்பிட்டியில ஒரு வீட்டில இது நடந்ததை நான் பாத்தனான், பாத்ரூம் மட்டும் புதுசாக்கினவை, அந்த வீட்டு அம்மா ஈரக் கையோட டெப்பத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவா, தள்ளி விழுந்ததால உயிர் தப்பினவா. இப்பவும் அந்த வீட்டால போகேக்க எனக்கு நெஞ்சு திக்கெண்டும். பைப்பில கம்பி சுத்தியிருக்கா எண்டு தேடிப் பாருங்கோ, இருந்தாலும் இல்லாட்டியும் தனியா ஏர்த் ரொட் அடிச்சு மீற்றர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்கோ, கரண்ட் ஒழுகினா தானா விழுந்து நிப்பாட்டிற 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாட்டிப் போடுங்கோ, இருந்தா அதில இருக்கிற டெஸ்ட் பட்டன அமத்திப் பாருங்கோ, விழாட்டி அது இருந்தும் பிரயோசனமில்ல.

ஈயப் பைப்பு கழட்டேக்க கிறைண்டர் கூடாது, சூடு காட்டவும் கூடாது, தூசும் புகையும்தான் உள்ள போகும். கை வாளால அறுத்து எடுக்கலாம், பிள்ளைய அந்த நாளைக்கு அம்மம்மா வீட்டுக்கு அனுப்புங்கோ, வேலை முடிய ஈரத் துணியால துடையுங்கோ, தும்புத்தடியால கூட்ட வேண்டாம். கழட்டினதைப் பக்கத்துப் பெடியள் தூண்டிலுக்கு ஈயக் குண்டு உருக்கக் கேட்டு வருவாங்கள், குடுத்திடாதேங்கோ. மாத்தி முடிஞ்சாலும் கொஞ்ச நாளைக்கு ஈயத் துணிக்கைகள் தண்ணியோட வரலாம், டெப் வாயில இருக்கிற சின்ன வலையக் கழட்டிக் கழுவி, நல்லா ஓட விட்டு, திரும்ப ஒருக்கா தண்ணியச் சோதிச்ச பிறகு பிள்ளைக்குக் குடுங்கோ. ஈயம் மீற்றருக்கு அங்கால ரோட்டுப் பக்கமும் போகுது எண்டா அதில நீங்கள் கை வைக்க வேண்டாம், நீர் வழங்கல் சபைக்கு 1939க்கு எடுத்துச் சொல்லுங்கோ.

பூசிறதப் பற்றி ஒரு சொல்லு. அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்து, உள்ள கபொக் கல்லா, அதான் செம்மண் கல்லா இருக்கும், அது ஈரத்தைக் குடிச்சு வெளியில விடுற சுவர். அதில வெட்டின காவாய் முழுக்க கடும் சீமெந்தால அடைச்சா ஈரம் போக வழியில்லாம பக்கத்துச் சுண்ணாம்பு பொருமி உதிரும், ஒரு மழைக்காலத்திலயே தெரியும். சுண்ணாம்பு கலந்த சாந்தாலயே பூசச் சொல்லுங்கோ. பூச முதல் சுவரில அளவு நாடாவ நீட்டி வச்சு எல்லாப் பைப்பையும் ஃபோட்டோ எடுங்கோ, பிறகு ஆணி அடிக்கேக்க உங்களுக்கே தேவைப்படும்.

கேள்வி: வணக்கம் சார். நாங்க கொட்டாஞ்சேனையில வரிசை வீட்டுல இருக்கோம், நூறு வருசத்துக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க. பின் பக்கம் தரைய ஒடச்சப்ப கீழ ஒரு மண் குழாய் வந்துச்சு, நாலு இஞ்சி இருக்கும், பிரவுன் கலர்ல பளபளன்னு. பக்கத்து வீட்டு சுவருக்கு அடியில போகுது. கான்ட்ராக்டர் கொங்கிரீட் போட்டு மூடிடலாம்ங்கிறார். மூடலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: மூட வேண்டாம் தம்பி. பளபளக்கிற மண் குழாய் எண்டா பெரும்பாலும் பழைய கழிவு லைன். வரிசை வீடுகள்ல நாலஞ்சு வீட்டுக் கழிவு ஒரே குழாயால போறது வழமை, நீங்கள் மூடினா உங்கட வீட்டுக்கு ஒண்டும் நடக்காட்டியும் பக்கத்து வீட்டு ஆக்களிட கக்கூஸ் பொங்கலாம், பிறகு பல வருசம் பழகின ஆக்களோட முகம் குடுத்துக் கதைக்கேலாமப் போயிடும். முதல்ல அவங்கட கதவத் தட்டி விசயத்தைச் சொல்லுங்கோ. உணவுக்குப் போடுற கலர்ப் பொடி கொஞ்சத்தை ஒரு வாளித் தண்ணியில கரைச்சு முதல் உங்கட கக்கூசில ஊத்தி எந்த மேன்ஹோலில கலர் வருது எண்டு பாருங்கோ, பிறகு வேற கலரில அவங்கட வீட்டில ஊத்திப் பாருங்கோ. அரை மணித்தியால வேலை, யாருக்கு யார் லைன் எண்டு தெரிஞ்சிடும்.

ரெண்டு வீட்டுக் கலரும் வரேல்ல எண்டாலும் அது செத்தது எண்டு சொல்ல ஏலாது, மழைத் தண்ணியோ மூண்டாவது வீடோ இருக்கலாம், எல்லாருக்கும் ஊத்திப் பாக்கோணும். கொழும்பு நகரத்துக்குள்ள கழிவு வலையமைப்பு மாநகர சபையிட பொறுப்பு, அந்தக் கழிவுதான் முகத்துவாரத்திலயும் வெள்ளவத்தையிலயும் கடலுக்குள்ள போற குழாய்க்குப் போய்ச் சேருது, உங்கட லைன் எந்த மேன்ஹோலில சேருது எண்டு வடிகால் பகுதியில விண்ணப்பம் குடுத்துக் கேக்கலாம். உயிரோட இருந்தா குழாய்க்கு மேல திறக்கக் கூடின மூடி ஒண்டு வச்சுத் தரையப் போடுங்கோ, பக்கத்தில மரம் இருந்தா வேர் மூட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கும், அதையும் இப்பவே பாத்திடுங்கோ. உண்மையாவே செத்தது எண்டா ரெண்டு நுனியையும் அடைச்சுத்தான் மூடோணும், திறந்தபடி விட்ட கழிவுக் குழாய்தான் எலியும் கரப்பானும் வீட்டுக்குள்ள வாற பாதை.

உங்கட வீடு அவ்வளவு பழசு எண்டதால இன்னொண்டும் சொல்றன். சுவர் நடுவில, இல்லாட்டி சீலிங் நடுவில, மொட்டையா முடிஞ்சு நிக்கிற சின்ன இரும்புக் குழாய் கண்டா அது கேஸ் விளக்குக்கு வந்ததா இருக்கலாம். கரண்டுக்கு முதல், 1870கள்ல, கொழும்பில கேஸ் விளக்கு எரிஞ்சது, புறக்கோட்டையில கேஸ் வேர்க்ஸ் வீதி எண்டு பேர் இண்டைக்கும் இருக்கு தானே. இப்ப வீட்டுக்குக் குழாயில கேஸ் வாறதில்ல, எல்லாம் சிலிண்டர்தான், எண்டாலும் வயர்க் குழாயா இல்லையா எண்டு பாக்காம வெட்ட வேண்டாம். இல்லையெண்டு தெரிஞ்சா அந்த நுனிய அப்பிடியே விட்டு வையுங்கோ எண்டுதான் நான் கேப்பன், அந்த வீட்டில ராத்திரி எப்பிடி இருந்தது எண்டு சொல்ல வேற என்ன மிச்சம் இருக்கு.

கேள்வி: தெமட்டகொடை வீட்டில பின் சுவரோட மழைத் தண்ணி இறங்குற சாம்பல் குழாய், அஸ்பெஸ்டஸ் எண்டு சொல்றாங்கள், பாதியச் சுவருக்குள்ள பூசி மறைச்சிருக்கு. கழட்டோணுமா? (தெமட்டகொடை வாசகி)

பதில்: உடையாம, உதிராம இருந்தா கழட்டத் தேவையில்ல, பெயின்ட் அடிச்சு விடுங்கோ. அஸ்பெஸ்டஸ் ஆபத்தாகிறது அதை வெட்டேக்க, துளைக்கேக்க, உடைக்கேக்க பறக்கிற தூசாலதான், அந்த நார் நுரையீரலுக்குள்ள போனா வருசக்கணக்காப் பிறகு புற்றுநோய் வரலாம். கிறைண்டரோ ட்ரில்லோ கிட்டக் கொண்டுபோகக் கூடாது. கட்டாயம் எடுக்கத்தான் வேணுமெண்டா நல்லா நனைச்சு, மூட்டோட முழுசாக் கழட்டி, தடிச்ச பொலித்தீனில சுத்தி ஒட்டி எடுக்கோணும், வேலை செய்றவருக்குத் துணி மாஸ்க் காணாது, நல்ல தூசு மாஸ்க் வாங்கிக் குடுங்கோ. தினக்கூலிக்கு வாற பெடியன் தனக்கு ஒண்டும் ஆகாது எண்டுதான் சொல்லுவான், நீங்கள் விடாதேங்கோ.

கேள்வி: ஐயா, பழைய வீட்டில கழட்டின பித்தளை டெப் அஞ்சாறு இருக்கு, நல்ல பாரம், பொலிஷ் போட்டா தங்கம் மாதிரி. புதுக் குசினியில போடலாமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: குசினியில வேண்டாம், பழைய பித்தளையில ஈயம் கலந்திருக்கும், குடிக்கிற தண்ணிக்கு அது சரிவராது. முத்தத்தில பூக்கண்டுக்குத் தண்ணி விடுற இடத்தில, கால் கழுவிற இடத்தில தாராளமாப் போடலாம். உள்ள வாஷர் மட்டும்தான் தேஞ்சிருக்கும். பழைய வாஷரக் கழட்டி ஹாட்வெயார் கடைக்குக் கையோட கொண்டு போங்கோ, அளவைப் பாத்து அதே மாதிரித் தருவாங்கள்.